மலை பார்க்கிறவர்கள்

வேதமணி டீச்சரின் குடும்பத்தில் கல்யாணம் நிச்சயம் செய்வதற்கு முன்னால் தலை கழுவிப் பார்ப்பார்கள். கிறிஸ்தவ வேதத்துக்கு வந்து மூன்று தலைமுறை ஆகிவிட்டது. பழைய சாமியை விட்டார்கள், பழைய பெயர்களை விட்டார்கள், இந்த ஒரு வழக்கத்தை மட்டும் விடவில்லை. பெண்ணையோ பையனையோ கொல்லையில் பலகை போட்டு உட்கார வைத்து, சீயக்காய் தேய்த்து, சம்பந்தி வீட்டுப் பெண்கள் மயிரை வகிர்ந்து வகிர்ந்து பார்ப்பார்கள். முன்நெற்றிக்கு மேலே ஒரு கற்றை வெள்ளை மயிர் இருக்கிறதா என்பதுதான் தேடல். மை பூசி மறைத்திருந்தால் சீயக்காயில் கரைந்துவிடும் அல்லவா, அதற்குத்தான் இந்தக் கழுவல். பாதிரி ஐயர் வந்து ஜெபம் பண்ணுவதெல்லாம் அதற்குப் பிறகு. கல்யாணத்தில் கர்த்தருக்கே இரண்டாவது இடம் கொடுத்த குடும்பம் அது.

காரணம் இல்லாமல் இல்லை. அந்த வெள்ளைக் கற்றையோடு பிறந்த பிள்ளைகள் யாரும் இருபதைத் தாண்டியதில்லை. பதினைந்து ஆகும், பதினாறு ஆகும், நன்றாக ஓடியாடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் கழுத்து ஒரு பக்கமாக இழுக்கும். பிடித்து நேராக்கினால் மறுபடியும் இழுக்கும். முதலில் சாயங்காலத்தில் மட்டும், பிறகு பகல் முழுக்க. கடைசியில் தொண்டை இறுகிக் கஞ்சி இறங்காமல் போய்ச் சேர்ந்துவிடும். இதுவரைக்கும் வியாதி என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ளலாம். தேற்றிக்கொள்ள முடியாத ஒன்று மிச்சம் இருந்தது. கழுத்து எந்தப் பக்கம் இழுத்தாலும் அந்தப் பிள்ளைகள் உடம்பைத் திருகித் திருகி, மேற்கு மலையைப் பார்த்துத்தான் போய் நிற்பார்கள். அதனால் குடும்பத்துக்குள் அந்த வியாதிக்கு ‘மலை பார்க்கிறது’ என்று பெயர். வெளியாள் காதில் விழும்படி யாரும் அதைச் சொல்வதில்லை.

வேதமணியின் தம்பி மைக்கேல் மலை பார்த்துச் செத்தவன். சென்னையில் காலேஜ் படித்துக்கொண்டிருந்த அவள் லீவுக்கு வந்தபோதுதான் அவனுக்கு முற்றிப்போயிருந்தது. பாலாடையில் கஞ்சி புகட்டினாள். கட்டிலைத் திருப்பிப் போட்டால் சரியாகிவிடும் என்று அவள் அப்பா திருப்பிப் போட்டார். கொஞ்ச நேரத்தில் மைக்கேல் கால்மாட்டில் தலையை வைத்து மறுபடி மேற்கே பார்த்தான். சன்னலை அடைத்துப் படுதாவைத் தொங்கவிட்டார்கள். படுதாவையே பார்த்துக்கொண்டு கிடந்தான்.

"அங்க என்னல இருக்கு?" என்று ஒரு நாள் வேதமணி கேட்டேவிட்டாள்.

"ஒண்ணுமில்லக்கா. அந்தப் பக்கம்தான் கழுத்து நேரா இருக்கு."

அந்தப் பதிலை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கேட்டவர்களும் தூங்க மாட்டார்கள் என்று தோன்றியது.

படிப்பு முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்துக்குச் சயன்ஸ் டீச்சராக வந்தாள். அத்தை மகன் சத்தியநேசனுக்கு அவளைக் கட்டி வைத்தார்கள். அவர் ராஜபாளையத்தில் பஞ்சாலை ஒன்றில் கிளார்க், தினமும் பஸ்ஸில் போய் வருவார். இரண்டு பேர் தலையையும் கழுவித்தான் பார்த்தார்கள். இரண்டும் கரிச்சட்டி. மூத்தவள் ஜெயமணி பிறந்தாள், அவள் தலையும் கறுப்பு. இளையவள் கிருபை பிறந்தபோது பேறு பார்த்த நர்ஸ் பிள்ளையைக் கையில் கொடுக்காமல் துணியால் தலையை மூடிக்கொண்டே நின்றாள். வேதமணி துணியை விலக்கினாள். ஈர மயிருக்கு நடுவில் பருத்தி ஒட்டியிருக்கிற மாதிரி அது இருந்தது. நர்ஸிடமிருந்து துணியை வாங்கி அவளே மறுபடி மூடினாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லாக் கண்ணும் கிருபை மேல்தான். அவள் தும்மினால் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். ஜெயமணி பாவம், தானாக வளர்ந்தாள். தங்கச்சிக்குத் தலை வாரிவிட்டு, தண்ணீர் எடுத்து, சோறு வடித்து, எந்தத் தொந்தரவும் கொடுக்காமல் வளர்ந்தாள். கறுப்புத் தலைப் பிள்ளையைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்?

கிருபைக்கு ஒன்பது வயது நடக்கும்போது கோழி வீட்டுக்கு வந்தது. வத்திராயிருப்பிலிருந்து தேன் கொண்டுவரும் சோலைச்சாமி என்பவர் மாதம் ஒரு தரம் டீச்சர்கள் வீட்டுக்கெல்லாம் வருவார். மலைக்குள் போய்வருகிற ஆள், வாய் கொஞ்சம் ஜாஸ்தி. அன்றைக்குத் தேனோடு ஒரு கூடையும் வைத்திருந்தார். கூடைக்குள் காட்டுக்கோழிப் பெட்டை ஒன்று. அதன் உச்சந்தலையில் நாலைந்து இறகு வெள்ளையாக இருந்தது. கூடையை அவர் எப்படி வைத்தாலும் அது மெல்லத் திரும்பி, கழுத்தைக் கோணிக்கொண்டு மேற்கே பார்த்தது.

"இது என்ன சோலைச்சாமி, சுளுக்கா?"

"சுளுக்கு இல்ல தாயி. இது மலைபாத்தான். எங்க பக்கம் ஒரு ஓடையில இந்தச் சாதி கெடக்கு. வெள்ளத்தலையோட பொரிஞ்ச குஞ்செல்லாம் கால்ல முள்ளு மொளைக்கிற பருவத்துல இப்படித்தான் மலையப் பாத்து நிக்கும். பொறவு எர எடுக்காது. எங்காளுக இதத் திங்க மாட்டாக. டீச்சரம்மா படிச்சவுக, பாக்கட்டுமேன்னு கொண்டாந்தேன்."

வீட்டுக்குள்ளே கதவைச் சாத்திக்கொண்டு சொல்கிற வார்த்தையை, ஊர் பேர் தெரியாத ஒரு ஆள் ஒரு கோழியைப் பார்த்துச் சர்வ சாதாரணமாகச் சொல்லிவிட்டார். வேறு யாராக இருந்தாலும் கூடையோடு அனுப்பி வைத்திருப்பார்கள். அவள், "அந்த ஓடையில கோழி முட்ட கெடைச்சா எடுத்துட்டு வாங்க" என்றாள்.

அவள் மனதில் ஓடியது இதுதான். பெற்றவர்களிடமிருந்து பிள்ளைக்கு வருவதெல்லாம் உடம்புக்குள்ளே நூல் நூலாக வருகிறது என்று அவளுக்குக் காலேஜில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று ஜோடி ஜோடியாக இருக்கும். சில குணங்கள் ஒரு நூலில் மட்டும் இருந்தால் உள்ளே ஒளிந்து கிடக்கும், ஜோடியில் இரண்டிலும் இருந்தால்தான் வெளியே தெரியும். ஒரே நூலில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டு குணங்கள் சேர்ந்தே வரும். ஆனால் எப்போதாவது, அடுத்த பிள்ளைக்குக் கொடுப்பதற்கு முன்னால், ஜோடி நூல்கள் இரண்டும் ஒன்றோடொன்று பின்னி, அறுந்து, மாற்றி ஒட்டிக்கொள்ளும். மில்லில் இழை அறுந்தால் அவசரத்தில் பக்கத்து இழையோடு சேர்த்து ஒட்டிவிடுவார்களே, அந்த மாதிரி. அப்போது சேர்ந்தே வந்த இரண்டும் பிரிந்துவிடும். வெள்ளைக் கற்றையும் மலையும் ஒரே நூலில் இருக்கும் இரண்டாக இருந்தால், அவை பிரியவும் செய்யும். பிரிந்தால் கிருபை வெள்ளைத் தலையோடு கிழவியாகலாம். மனிதர்களை வைத்து அதைச் சோதித்துப் பார்க்க முடியாது. கோழியை வைத்துப் பார்க்கலாம்.

சத்தியநேசனுக்கு இது பிடிக்கவில்லை. "ஏற்கெனவே நம்ம வீட்டுல ஒண்ணு இருக்கு. அது போதாதுன்னு மலையில இருந்து வேற கொண்டாரணுமா வேதம்?" என்றார்.

"அங்கயும் இங்கயும் ஒண்ணுதானான்னு தெரிய வேண்டாமாங்க?"

"தெரிஞ்சு?"

அவள் கூடையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். மனுஷர் நல்லவர், ஆனால் பயந்தவர். மேற்குப் பக்கத்துச் சன்னலை வருஷக்கணக்காகத் திறக்காமல் வைத்திருந்தவரும் அவர்தான்.

சோலைச்சாமி கொண்டுவந்த முட்டைகளை நாட்டுக்கோழி வயிற்றின் கீழ் அடைக்கு வைத்தாள். குஞ்சு பொரித்ததும் கரையான் புற்றைத் தோண்டிக் கொண்டுவந்து போட்டாள். பொரித்தவற்றில் சிலது வெள்ளைத்தலை. வளர்ந்ததும் அவை எல்லாம் மலை பார்த்தன. ஒன்று தப்பவில்லை. அடுத்த வருஷம் இன்னும் நிறைய முட்டை வந்தது, அதிலும் தப்பவில்லை.

அந்தக் கோழிகள் கொல்லையில் நிற்பதைப் பார்த்தவர்கள் மறுபடி அந்த வீட்டுக்கு வருவதற்கு யோசித்தார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் கறுப்புத்தலைக் கோழிகள் எல்லாம் பஞ்சாரக் கூடைக்குள் அடைந்து, இடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். வெள்ளைத்தலைகள் மட்டும் சுவரோரமாக வரிசையாக நிற்கும். சத்தம் கிடையாது. எல்லாம் கழுத்தைக் கோணிக்கொண்டு ஒரே பக்கம் பார்க்கும். வேதமணி ஒன்றைப் பிடித்துப் பஞ்சாரத்தில் போட்டு மூடி, பஞ்சாரத்தைச் சுற்றிச் சுற்றி வைத்துவிட்டுத் திறந்தாள். மேற்கே பார்த்து நின்றது. சன்னல் இல்லாத உள்ளறையில் அடை வைத்து, அங்கேயே பொரித்து, வெயிலே படாமல் வளர்ந்த ஒரு வெள்ளைத்தலையும் முள் முளைத்ததும் மேற்குச் சுவரைப் பார்த்து நின்றது. மலை அங்கே இருக்கிறது என்று அதற்கு யார் சொன்னது? வேதமணிக்குப் படித்த படிப்பெல்லாம் அந்தச் சுவர் வரைக்கும்தான் வந்தது. அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை, யோசித்தால் மைக்கேல் ஞாபகம் வந்துவிடும்.

ராஜபாளையத்தில் சுப்புராஜு என்று ஒருவர் இருந்தார். நாய் வளர்ப்பும் சண்டைச் சேவலும்தான் அவருக்கு உலகம். பேச்சில் வீட்டுத் தெலுங்கு கலந்து வரும். சத்தியநேசன் வேலை செய்த மில் முதலாளிக்கு உறவு. வேதமணி அவரிடம் போய், காட்டுக்கோழியோடு சேர்க்கச் சேவல் வேண்டும் என்று கேட்டாள். கையில் ஒரு வெள்ளைத்தலையும் கொண்டு போயிருந்தாள்.

"ஏமம்மா, இது எங்க புடிச்சது? தலையில வெள்ள, கழுத்துல கோணலு. ரெண்டும் ஒண்ணாவா வருது?"

"காட்டுல ஒண்ணாத்தான் வருது. பிரியவே மாட்டேங்குது."

சுப்புராஜு சிரித்தார். "காட்டுக்கோழி அப்படித்தான் டீச்சர். அதுல நீங்க என்ன கேட்டாலும் கெடைக்காது. மொத்தமாத்தான் குடுக்கும், மொத்தமாத்தான் வாங்கிக்கணும். எங்க சேவல் வேற. எங்க தாத்தா காலத்துல இருந்து இதுல காலு வேணும், அதுல கண்ணு வேணும், இதோட கோவம் வேணும், அதோட எறகு வேண்டாம்னு பொறுக்கிப் பொறுக்கி எடுத்தது. எங்க கோழி கேட்டதப் பிரிச்சுக் குடுக்கும். அவுனு, அது அதுக்குப் பழகிப் போச்சு."

பஸ்ஸில் திரும்பி வரும்போது வேதமணி அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். கோழிக்குப் பழக்கம் என்று ஒன்றும் இல்லை. ஆனால் அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. மலையில் தானாக வாழ்கிற பறவைக்கு, பிழைத்து வந்த சேர்க்கை அப்படியே பிள்ளைக்குப் போனால் போதும். நூல் கட்டுக்கோப்பாக இருப்பதுதான் அதற்கு நல்லது. மனிதன் பொறுக்கிப் பொறுக்கி எடுக்கிற இடத்தில் கதை வேறு. அவன் கேட்கிற புதுப் புதுச் சேர்க்கை எதில் கிடைக்கும்? நூல் எளிதில் அறுந்து மாற்றி ஒட்டிக்கொள்கிற கோழியில்தான் கிடைக்கும். அதையே அவன் மறுபடி மறுபடி வைத்துக்கொள்வான். காலையும் கண்ணையும் பொறுக்குவதாக நினைத்துக்கொண்டு, தனக்கே தெரியாமல், நூல் இளகிய கோழிகளைப் பொறுக்கி வந்திருக்கிறான். இளகிப் போவதும் வம்சத்தில் வருகிற குணம்தான். அப்படியானால் அந்த ரத்தத்தைக் காட்டுக்கோழியில் கலந்தால், காட்டுக்கோழியின் நூலும் இளகும்.

அவளுக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம். மடவார் வளாகத்தில் இறங்கி, அவளோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் ஆயா சண்முகத்தாயிடம் தேவையில்லாமல் அரை மணி நேரம் பேசிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

சேவலைச் சேர்த்து, பொரித்ததை ஒன்றோடொன்று சேர்த்து, மறுபடி பொரித்தாள். கொல்லை நிறைந்துவிட்டது. வெள்ளைத்தலைகளை மட்டும் தனியாக வைத்துக்கொண்டு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தாள். கறுப்புத்தலைகளில் இனம் பெருக்கத் தேவையானதை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கேட்டவர்களுக்கெல்லாம் தூக்கிக் கொடுத்தாள். சண்முகத்தாய்க்கே ஒரு கூடை கொடுத்தாள். கறுப்புத்தலையில் என்ன இருக்கிறது பார்ப்பதற்கு?

இப்படியே வருஷம் ஓடியது. கிருபைக்குப் பதின்மூன்று முடிந்தது. ஜெர்மன்காரன் சண்டை ஆரம்பித்துவிட்டான் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த நாளில், வேதமணி கொல்லையில் ஒரு வெள்ளைத்தலைப் பெட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதன் கூடப் பொரித்த வெள்ளைத்தலைகள் மலை பார்த்துச் செத்துப் பல மாதம் ஆகிவிட்டது. இது குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தது. பொழுது சாய்ந்தது. பெட்டை கழுத்தை நேராக வைத்துக்கொண்டு பஞ்சாரத்துக்குள் போய், மற்றதையெல்லாம் கொத்தி விரட்டி நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்தது. மறுவாரம் முட்டை இட்டது. அடை காத்துக் குஞ்சும் பொரித்துவிட்டது.

குஞ்சு பொரித்த அன்றைக்கு வேதமணி உள்ளே ஓடிப் போய்க் கிருபையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிள்ளை பயந்துபோய், "என்னம்மா, என்னம்மா" என்று கேட்டது. அவள் அந்த வெள்ளைக் கற்றையில் முத்தம் கொடுத்தாள். பிறந்ததிலிருந்து யாரும் அந்த இடத்தில் முத்தம் கொடுத்ததில்லை. ஜெயமணி கதவோரம் நின்று சிரித்தாள். சத்தியநேசன் அன்றைக்கு மேற்குச் சன்னலைத் திறந்துவிட்டார்.

நல்ல நேரம் வந்தால் எல்லாம் சேர்ந்து வரும்போல. அதே மாதத்தில் சத்தியநேசனின் அக்கா பரிபூரணம் ராஜபாளையத்திலிருந்து சொல்லி அனுப்பினாள். தன் மூத்த மகன் ஐயாதுரைக்கு ஜெயமணியைக் கேட்டாள். சனிக்கிழமை சாயங்காலம் வந்து தலை கழுவிப் பார்த்துவிட்டு, அப்படியே வளையலும் போட்டுவிட்டுப் போவதாகப் பேச்சு. ஜெயமணிக்குப் பதினேழு வயது. ஐயாதுரை என்ற பெயர் காதில் விழுந்தாலே பாத்திரத்தைக் கீழே போட்டாள். அதை வைத்து வீட்டில் கேலி செய்து தீர்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேதமணி சண்முகத்தாய் வீட்டுக்குப் போனாள். நாளைக்கு ஒத்தாசைக்கு வரச் சொல்லத்தான் போனாள். வாசலில் நின்று சொல்லிவிட்டுத் திரும்பியிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்திருப்பாள்.

"வாங்க டீச்சர், நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றாள் சண்முகத்தாய். "நீங்க குடுத்த கோழில ஒண்ணு ஒரு மாதிரி இருக்கு. எர எடுக்க மாட்டேங்குது. பின்னால வந்து பாருங்க."

பின்னால் வைக்கோல் படப்பு ஓரத்தில் ஒரு சேவல் தனியாக நின்றது. தலை கன்னங்கறேலென்று இருந்தது. ஒரு வெள்ளை இறகு இல்லை. கழுத்தைக் கோணிக்கொண்டு மேற்கே பார்த்தது. வேதமணி அதைத் தூக்கிக் கிழக்கே பார்க்க வைத்தாள். அது அவள் கையிலேயே சதையும் எலும்பும் முறுக்கிக்கொள்ளத் திரும்பியது.

"முன்னயும் இந்த மாதிரி ஒண்ணு செத்துச்சு டீச்சர். சீக்குன்னு நெனச்சேன்."

வேதமணி சேவலைக் கீழே விட்டாள். அடிமுட்டாள், அடிமுட்டாள் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். நூல் மாற்றி ஒட்டிக்கொள்ளும்போது ஒரு பக்கம் மட்டும் மாறாது. வெள்ளைத்தலை மலையை விட்டுப் பிரிந்து வந்துவிட்டது என்று குதித்தாளே, அது விட்டுவிட்டு வந்த மலை எங்கே போகும்? வெள்ளை இல்லாத இன்னொரு நூலில் போய் உட்கார்ந்திருக்கும். அந்த நூல் வெளியே தெரியாது. அதைத்தான் அவள் கூடை கூடையாக ஊருக்குக் கொடுத்திருக்கிறாள்.

வழியெல்லாம் இன்னொரு நினைப்பும் கூடவே வந்தது. சுப்புராஜு வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சேவலைப் பொறுக்கினார்கள். இவர்கள் வீட்டில் என்ன செய்தார்கள்? கொல்லையில் பலகை போட்டு, சீயக்காய் தேய்த்து, அதே வேலையைத்தான் செய்தார்கள். வெள்ளை இல்லாத தலையாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினார்கள். மலையிலிருந்து பிரிந்த வெள்ளைத் தலை ஒன்று பிறந்திருந்தாலும் அதற்குக் கல்யாணம் நடந்திருக்காது. வெள்ளையை உதிர்த்துவிட்டு மலையை மட்டும் வைத்திருக்கிற நூல் ஒவ்வொரு கழுவலிலும் சுத்தமாகத் தேறி, மாலை போட்டு, பிள்ளை பெற்று வந்திருக்கும். காட்டுப் பறவைக்கு அப்படிப் பொறுக்க ஒரு கை இல்லை. இவர்களுக்கு இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்தபோது ஜெயமணி விளக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தங்கச்சியின் பாவாடைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியை வலது கையில் பிடித்துக்கொண்டு, இடது கையைக் கன்னத்தில் வைத்திருந்தாள். கன்னத்தில் கை வைத்தால் வீட்டுக்கு ஆகாது என்று கொஞ்ச காலமாகவே வேதமணி அவளைத் திட்டிக்கொண்டுதான் இருந்தாள். இன்றைக்கு அவள் திட்டவில்லை. அருகில் போய் உட்கார்ந்தாள்.

"ஜெயா, கைய எடு."

"இருக்கட்டும்மா."

"எடுட்டி."

ஜெயமணி கையை எடுத்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு தாடை மெல்ல நகர்ந்தது. யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டுத் திரும்புகிற மாதிரி அவள் முகம் வேதமணியை விட்டு விலகித் திறந்திருந்த மேற்குச் சன்னல் பக்கம் போனது. அவள் அவசரமாக விரலைக் கன்னத்தில் வைத்தாள். முகம் திரும்பி வந்தது.

"விரல் வச்சா நின்னுரும்மா. எடுத்தாத்தான் இழுக்கும்."

"எம்புட்டு நாளா?"

"பொங்கலுக்கு முன்னால இருந்து."

"ஏன் சொல்லல?"

"எனக்குத்தான் முடி கறுப்பாச்சே. சுளுக்குன்னு நெனச்சேன்" என்றாள் ஜெயமணி. பிறகு தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சுளுக்குத்தானம்மா?" என்று கேட்டாள்.

வேதமணி மகளின் தலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பதினேழு வருஷமாக இந்தப் பிள்ளையை ஒரு தரமாவது நன்றாகப் பார்த்தேனா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

சத்தியநேசனிடம் சொன்னபோது அவர் எழுந்து போய் மேற்குச் சன்னலை அடைத்தார். பிறகு, "நாளைக்கு வந்து தலையப் பாத்துட்டுப் போகட்டும் வேதம். தலையில ஒண்ணும் இல்லல்ல. கட்டிக் குடுத்துருவோம். ஐயாதுரை நல்ல பய, பாத்துக்கிடுவான்" என்றார். சொல்லும்போதே அவர் அழுதுவிட்டார். ஜெயமணியும் அதைத்தான் கேட்டாள். "கன்னத்துல விரல் வச்சுக்கிட்டா அவியளுக்குத் தெரியாதும்மா." வேதமணி நாளைக்கு வேண்டிய சீயக்காயை எடுத்து வைத்தாள்.

சனிக்கிழமை பஸ் நேரத்துக்கு வரவில்லை. பரிபூரணமும் அவள் கூட்டமும் வந்து சேரும்போது வெயில் மஞ்சளாகிவிட்டது. பரிபூரணம் கூடவே தன் கடைக்குட்டி தங்கத்துரையையும் அழைத்து வந்திருந்தாள். மற்றப் பெண்களும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டுதான் வந்தார்கள். எல்லாப் பிள்ளைகளும் நல்ல கறுப்புத் தலை. வந்ததும் வராததுமாகக் கொல்லையில் இறங்கிக் கோழியைத் துரத்த ஆரம்பித்துவிட்டார்கள்.

ஜெயமணியைப் பலகையில் உட்கார வைத்தார்கள். பரிபூரணமே சீயக்காய் தேய்த்தாள். வேதமணி செம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றினாள். ஜெயமணி, கண்ணில் சீயக்காய் படாமல் இருக்க என்று சொல்லிக் கன்னத்தை ஒரு விரலால் தாங்கிக்கொண்டிருந்தாள். மயிரை வகிர்ந்து, மறுபடி வகிர்ந்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள்.

"ஒத்த வெள்ள இல்ல" என்றாள் பரிபூரணம். "என் தம்பி வீட்டுப் பிள்ளையில எனக்குச் சந்தேகமா? முறைக்குப் பாத்தேன், அம்புட்டுத்தான்."

பெண்கள் குலவை போட்டார்கள். ஒருத்தி வளையல் கூடையைத் திறந்தாள். இன்னொருத்தி முன்னால் உட்கார்ந்து, "கையக் குடு தாயி, ரெண்டு கையும்" என்று ஜெயமணியின் கைகளைப் பிடித்துத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள். ஜெயமணி அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வை அவ்வளவு நேரம்தான் நின்றது. ஈரம் சொட்டும் முகம் மெதுவாகத் தோளுக்கு மேலே திரும்பியது. கண் மட்டும் கடைசி வரைக்கும் அம்மாவை விடாமல் ஓரத்துக்கு வந்து, பிறகு அதுவும் போய்விட்டது.

"ஆத்தாடி, வெக்கத்தப் பாரு" என்று பரிபூரணம் சிரித்தாள். "மாப்பிள்ள பேரச் சொல்லாமலேயே மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. இன்னும் என் மவன் வந்து நின்னா என்ன செய்வாளோ." எல்லோரும் சிரித்தார்கள். முதல் வளையல் முட்டியைத் தாண்டி ஏறியது.

வேதமணி செம்பைக் கீழே வைத்தாள்.

"அது வெக்கம் இல்ல மதினி" என்றாள். "சிரிக்காதிய. அவ எங்க பாக்கான்னு பாருங்க."

பரிபூரணம் திரும்பிப் பார்த்தாள். சுவருக்கு மேலே மலை இருந்தது. அவள் மறுபடி ஜெயமணியைப் பார்த்தாள், அந்தக் கறுப்புத் தலையைப் பார்த்தாள். வளையல் போட்டவள் பிடித்திருந்த கையைச் சட்டென்று விட்டாள். ஜெயமணியின் விரல் அவசரமாகக் கன்னத்தைத் தேடிப் போனது.

"வெள்ள இல்லையே" என்றாள் பரிபூரணம். "வேதம், வெள்ள இல்லையேட்டி."

"இல்ல மதினி. இனி அத வச்சுச் சொல்ல முடியாது."

கொல்லையில் பிள்ளைகளின் சத்தம் கொஞ்ச நேரமாகவே கேட்கவில்லை. பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து அந்தப் பக்கம் திரும்பினார்கள். பொழுது இறங்கிவிட்டது. மேற்குச் சுவரோரம், பஞ்சாரத்துக்கு அருகில் பிள்ளைகள் குந்தியிருந்தார்கள், கோழிகள் அடைவதை வேடிக்கை பார்க்கிறார்களோ என்னவோ. எல்லோருடைய முதுகும் இந்தப் பக்கம் இருந்தது.

"ஏலே தங்கத்துரை" என்று பரிபூரணம் கூப்பிட்டாள். "அங்கன என்னத்தல பாக்க? அம்மா இங்க இருக்கேன். இங்க திரும்பு."